கோப்புகளை மூடி வையுங்கள்: தலைமைத்துவ வழிகாட்டலில் மலையக அதிபர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில் ஒரு பாடசாலைக்கு வெளியாள் வருகிறார் என்றால் முதல் நாளே அதன் அறிகுறிகள் தெரிந்துவிடும். மண்டபம் கழுவப்படும். அலுமாரிக்குள் கிடந்த கோப்புகள் மேசைக்கு வந்து வரிசை கட்டி நிற்கும். சந்திக் கடையில் ரோல்ஸும் கட்லட்டும் சொல்லியாகிவிடும். வருகிறவர் குறிப்பு எழுதும் சம்பவத் திரட்டுப் புத்தகம் பேனா செருகப்பட்டுத் தயாராக இருக்கும். வருகிறவர் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வருகிறார் என்றால் இதெல்லாம் முறைதான். அதிபரோடு உட்கார்ந்து அவருடைய வேலையைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒருவர் வரும்போதும் இதே ஏற்பாடு நடந்தால் அன்றைய நாள் வீண்.

அதிபர் கதிரையில் பல வருடங்கள் இருந்துவிட்டு, இப்போது புதிதாக அந்தக் கதிரைக்கு வருகிறவர்களோடு பேசப் போய்வருகிறேன். ஆங்கிலத்தில் இதைக் கோச்சிங் என்கிறார்கள். நமக்கு வரும் கடிதங்களில் வழிகாட்டல், வழிப்படுத்தல், ஆலோசனை என்று பெயர் மாறிக்கொண்டே இருக்கும். எனக்குப் பிடித்த சொல் வழித்துணை. பாதை தெரியாதவருக்கு வழிகாட்டி தேவை. புதிய அதிபர்களில் பெரும்பாலோர் நன்றாகப் படித்தவர்கள், இலங்கை அதிபர் சேவைப் பரீட்சையில் தேறி வந்தவர்கள், பாதை தெரிந்தவர்கள். தனியாக நடக்கிறார்கள் என்பதுதான் அவர்களுடைய சிக்கல்.

வருகிறவரைப் பரிசோதகராக நினைப்பதே முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கிறது. இந்தப் பயம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். நமது பாடசாலைகளில் பல, தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்து 1970களில் அரசின் பொறுப்புக்கு வந்தவை. தோட்டத்தில் மேலிருந்து ஒருவர் இறங்கி வந்தால் கணக்குக் கேட்கத்தான் வருவார். துரை வருகிறார் என்றதும் கொழுந்து எடுக்கும் கைகள் வேகம் பிடிக்கும். அந்தத் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து, படித்து, ஆசிரியராகி, அதிபரான நம் உடம்பிலும் அந்தப் பதற்றம் இருக்கத்தான் செய்யும். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் துணைக்கு வந்தவரிடம் நமது சிறப்புகளை மட்டும் காட்டி அனுப்பினால், அவர் போன பிறகு நமது சிக்கல் அதே மேசையில் அப்படியே இருக்கும்.

இந்தத் தவறில் வலயத்துக்கும் பங்கு உண்டு. அதிபரின் செயலாற்றுகையை மதிப்பிட்டு அறிக்கை எழுதுகிற அதே அலுவலரையே, ‘மனம் விட்டுப் பேசுங்கள்’ என்று அனுப்பி வைத்தால் யார் மனம் விடுவார்? மதிப்பீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மதிப்பீடு செய்கிறவரும் துணை நிற்கிறவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையால் அது முடியாது என்றால் குறைந்தபட்சம் நாட்களாவது வேறாக இருக்கட்டும். துணைக்கு வரும் நாளில் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் வந்த நேரம், போன நேரம் தவிர ஒரு வரியும் எழுதப்படக் கூடாது.

பேசும் இடத்தையும் யாரும் கவனிப்பதில்லை. தோட்டப் பாடசாலைகளில் இன்னும் பல நீண்ட மண்டபங்கள்தான். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே சுவர் கிடையாது, அல்லது இடுப்பளவுக்குத் தட்டி. அலுவலகம் என்பது ஓரத்தில் இரண்டு அலுமாரிகளை வைத்து மறைத்த மூலை. அங்கே அதிபர் ஓர் ஆசிரியையைப் பற்றிச் சொல்லும் கவலை, தரம் 4 பிள்ளைகளின் காதுக்கும் அந்த ஆசிரியையின் காதுக்கும் ஒரே நேரத்தில் போகும். மாலைக்குள் சந்திக் கடைக்கும் போய்விடும். சிறிய ஊர், எல்லோரும் ஏதோ ஒரு வகையில் சொந்தம், அதற்கு மேல் தொழிற்சங்கம். ஆகவே நடந்துகொண்டே பேசுங்கள். தேயிலை மலைக்கு இடையில் போகும் பாதையைப் போல ரகசியம் காக்கிற அறை எந்தப் பாடசாலையிலும் இல்லை.

அடுத்து, பேசுவதற்கு எடுத்துக்கொள்ளும் விடயம். ‘பாடசாலையின் கல்வித் தரத்தை உயர்த்த வேண்டும்’ என்று தொடங்குகிற அதிபர்தான் அதிகம். ஒன்றரை மணித்தியாலத்தில் அதை வைத்துக்கொண்டு தலையாட்டலாம், வேறெதுவும் செய்ய முடியாது.

ஹட்டன் பக்கம் ஓர் அதிபர் சின்ன விடயம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் நேரத்துக்கு வருவதில்லை. பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது, அவர் சரியாக 7.30க்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போடுகிறார். நாளுக்கு நாள் கோட்டுக்குக் கீழே கையெழுத்துகள் கூடுகின்றன. “சேர், இனி எழுத்தில் விளக்கம் கேட்கப் போகிறேன்” என்றார். கோட்டுக்குக் கீழே யார் யார் என்று கேட்டேன். ஆசிரியர்கள் என்றார். பெயர் சொல்லுங்கள் என்றேன். பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். ஐந்து பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. அவர்களில் நான்கு பேர் ஒரே இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸில் வருகிறவர்கள். அந்தப் பஸ் சந்திக்கு வருவதே 7.25க்கு. அங்கிருந்து பாடசாலைக்கு ஏற்றம்; மழை நாளில் இருபது நிமிடம்.

அவருக்கு இது தெரியாமல் இல்லை. அவரும் ஒரு காலத்தில் அதே பஸ்ஸில் வந்தவர். கதிரையில் உட்கார்ந்ததும் பதிவேடு மட்டும்தான் கண்ணுக்குப் பட்டது. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்பும் கணக்கப்பிள்ளை நம் ஒவ்வொருவருக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறார். நான் இதைச் சொல்லவில்லை. அவரே சொல்லிச் சிரித்தார். பிறகு நேரசூசியில் அந்த நால்வருக்கும் முதல் பாடவேளை இல்லாதபடி மாற்றினார், காலைக் கூட்டத்தைப் பாடசாலைக்கு அருகில் குடியிருக்கும் இரண்டு பேரிடம் ஒப்படைத்தார். ஐந்தாவது ஆளோடு தனியாகப் பேசினார். அவருடைய கதை வேறு. அது இங்கே வேண்டாம்.

இந்த இடத்தில் துணைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘எங்கள் பாடசாலையில் நாங்கள் இப்படித்தான் செய்தோம்’ என்று தொடங்காதீர்கள். நானும் பலமுறை தொடங்கியிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். ஜூன், ஜூலையில் தென்மேல் பருவமழை மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் கொட்டும்போது, மலைக்கு அந்தப் பக்கம் பதுளையில் வெயில் காயும். மழைக்காலத்தில் பிள்ளைகளின் வரவு விழுகிறது என்ற ஒரே சிக்கலுக்கே இரண்டு பக்கத்திலும் நாட்காட்டி வேறு. நமது அனுபவம் அடுத்தவருக்குப் பொருந்தும் என்று நினைப்பது அவ்வளவு ஆபத்து. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆசிரியத் தொழிலில் இருந்து வந்தவர்களுக்கு இது கடினம். வகுப்பறையில் கேள்வி கேட்டால் பதிலை நாமே சொல்லிப் பழகிவிட்டோம்.

சான்றிதழ் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பட்டப்பின் டிப்ளோமா, முதுமாணி, வினைத்திறன் காண் தடைதாண்டல் பரீட்சை எல்லாம் பதவி உயர்வுக்குத் தேவை, செய்யுங்கள். கொழும்புப் பக்கம் மீப்பேயில் நடக்கும் தலைமைத்துவப் பயிற்சிக்கு அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள். ஆனால் அவிசாவளை தாண்டி, கித்துல்கல, கினிகத்தேனை வளைவுகளில் ஏறி வீட்டுக்கு வருவதற்குள் பயிற்சியில் கேட்டதில் பாதி காற்றோடு போய்விடும். இதில் நமது ஞாபகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. புரூஸ் ஜோய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்திலேயே ஆசிரியர் பயிற்சி பற்றி இதைத்தான் சொன்னார்கள்: விரிவுரை கேட்பதாலும் செய்துகாட்டுவதைப் பார்ப்பதாலும் மட்டும் புதிய முறை வகுப்பறைக்குள் போய்ச் சேர்வது அரிது, திரும்பி வந்த பிறகு பக்கத்தில் ஒருவர் நின்று துணை செய்தால்தான் அது பழக்கமாகிறது. அதிபருக்கும் இது பொருந்தும் என்பதே என் அனுபவம். பயிற்சிக்குப் போய்வந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு சந்திப்பை வைத்துக்கொள்ளுங்கள். கற்றதில் ஒன்றே ஒன்றை எடுத்துச் செய்து பாருங்கள்.

மொழி விடயத்தில் நாம் செய்யும் தவறு, புரிந்தது போல் இருந்துவிடுவது. சிங்களத்தில் மட்டும் வரும் சுற்றுநிருபத்தைப் பக்கத்துப் பாடசாலை நண்பரிடம் தொலைபேசியில் கேட்டு ஒப்பேற்றுகிறோம். கருத்தரங்கில் பின்வரிசையில் அமர்ந்து எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்கிறோம். தமிழ்ப் பிரதி தாருங்கள் என்று கேட்பது நமது உரிமை. கூடவே சிங்களத்தைக் கற்றுக்கொள்வது நமக்கு நல்லது. இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

பிரதி அதிபரையும் பகுதித் தலைவர்களையும் வெளியே நிறுத்திவிட்டு அதிபர் மட்டும் வளர்வது இன்னொரு தவறு. இடமாற்றம் வந்தால் எல்லாம் அவரோடு பஸ் ஏறிவிடும். நிரந்தர நியமனம் இல்லாமல் கடமை நிறைவேற்று அதிபராக இருக்கும் ஒருவருக்கு இது இன்னும் அவசரம். அவர் எப்போது விடுவிக்கப்படுவார் என்பது அவருக்கே தெரியாது. மூன்று சந்திப்புகளில் ஒன்றுக்காவது பிரதி அதிபரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். முடிவெடுத்ததை ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியில் எழுதி அவர் கையில் கொடுங்கள். இது கோப்பு அல்ல. அலுமாரிக்குப் போகக் கூடாது.

துணைக்கு ஆள் அனுப்பும் ஏற்பாடு உங்கள் வலயத்தில் இல்லை என்றால் பக்கத்துத் தோட்டத்து அதிபரோடு நீங்களே பேசி வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை, ஒரு மாதம் அங்கே, மறு மாதம் இங்கே. தரம் 5 புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியில் இருவரும் போட்டியாளர்கள் என்றால் மட்டும் வேறு ஆளைப் பாருங்கள். ஆண்டிறுதித் தவணையில் தொடங்க வேண்டாம். பரீட்சை, வகுப்பேற்றம், இடமாற்றப் பட்டியல் என்று யாருக்கும் தலை நிமிராது. தைப்பொங்கல் கழிந்து, புதிய நேரசூசி சுவரில் ஒட்டி முடிந்த வாரம் வசதியானது. ரோல்ஸ் சொல்ல வேண்டாம், பிளேன்டீ போதும்.