நின்றுபோன கடிகாரமும் ஒரு நேர்முகத் தேர்வும்

ஆக்ஸ்போர்டில் இளங்கலையில் தத்துவத்தைத் தனியாகப் படிக்க முடியாது. கணிதம், இயற்பியல், இறையியல் என்று ஏதாவதொன்றோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். என் பேத்தி விண்ணப்பித்தது தத்துவம், அரசியல், பொருளாதாரம் மூன்றும் சேர்ந்த படிப்புக்கு. டிசம்பரில் இணையவழி நேர்முகத் தேர்வு. கல்லூரியில் தத்துவம் நடத்திய தாத்தா வீட்டிலேயே இருக்கும்போது என்ன கவலை என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும்தான்.

முதல் வாரம் நான் செய்தது வீண் வேலை. தெகார்த் முதல் கான்ட் வரை ஐரோப்பியத் தத்துவ அறிஞர்களைப் பற்றிக் குறிப்பு எழுதிக் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னேன். பள்ளியில் தத்துவமே படித்திராதவர்களும் விண்ணப்பிக்கும் படிப்பு அது. கேள்வி கேட்பவர்கள் பின்னாளில் பாடம் நடத்தப்போகிற ஆசிரியர்கள். இந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து வாதாட முடியுமா என்றுதான் பார்ப்பார்கள்.

நோட்டை மூடிவிட்டு, கூடத்தில் நின்றுபோயிருந்த கடிகாரத்தைக் காட்டினேன்.

"இது மூன்று மணி காட்டுகிறது. ஒருவன் தற்செயலாகச் சரியாக மூன்று மணிக்கே இதைப் பார்க்கிறான். அவனுக்கு மணி தெரியுமா?"

"தெரியும் தாத்தா. அவன் நினைத்தது சரிதானே?"

"கண்ணை மூடிக்கொண்டு மூன்று என்று சொன்னவனும் சரியாகத்தானே சொன்னான்?"

"அது குருட்டாம்போக்கு. காரணம் வேண்டும்."

"இவனுக்குக் காரணம் இருக்கிறதே, கடிகாரத்தைப் பார்த்தானே."

சற்று நேரம் நகத்தைக் கடித்தாள். "அப்படியானால் நான் முதலில் சொன்னது தப்பு. காரணம் இருந்தால் மட்டும் போதாது, அது உண்மையோடு ஒட்டியும் இருக்க வேண்டும்."

பழக வேண்டியது இந்த இடத்தைத்தான். எதை, ஏன் மாற்றிக்கொள்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனத்துக்குள்ளேயே யோசித்து விடையை மட்டும் நீட்டினால் எதிரில் இருப்பவருக்கு மதிப்பிட ஒன்றும் இராது. கேள்வி புரியவில்லை என்றால் அதையும் சொல்லிவிடலாம்.

காரணத்தோடு நம்பியது உண்மையாகவே இருந்தாலும் அது அறிவாகிவிடுமா என்று 1963இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கக் கட்டுரையில் கிளப்பிய சிக்கலும் இந்த வகைதான். அதற்கும் முன்னால், 8ஆம் நூற்றாண்டின் பௌத்த அறிஞர் தர்மோத்தரர், பூச்சிக் கூட்டத்தைப் புகை என்று நினைத்து நெருப்பை ஊகிப்பவனைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே நெருப்பும் உண்மையிலேயே இருக்கிறது! இதையெல்லாம் தேர்வு முடிந்த பிறகுதான் அவளிடம் சொன்னேன். பெயர் தெரிந்துவிட்டால் பிள்ளைகள் பெயரைச் சொல்லிவிட்டு யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

விண்ணப்பக் கட்டுரையில் பெயர் குறிப்பிட்ட நூல்களை மறுபடி படித்து, எங்கே உடன்பாடு இல்லை என்று ஓரத்தில் குறித்துவைப்பது நல்லது. ஒத்திகைக்குத் தத்துவம் தெரியாத ஒருவரையும் உட்காரவைக்கலாம். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்ட "அதனால் என்ன?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் பேத்தி அதிகம் திணறினாள்.

டிசம்பரில் இங்கிலாந்து நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அவர்கள் குறித்தது காலை 9:30, நமக்குப் பிற்பகல் 3. மழைக்காலம், மின்சாரத்தை நம்ப முடியாது என்று இன்வெர்ட்டரைச் சரிபார்த்தேன். கூடத்துக் கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட எடுத்தபோது பேத்தி தடுத்துவிட்டாள். அன்றைக்கு மட்டும் அது சரியான மணி காட்டும் என்றாள்.