தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை: முதல்முறை போகிறவர்களுக்கு

தரங்கம்பாடி போய்விட்டு வந்தவர்களைக் கேட்டால் பாதிப் பேர் "சின்னக் கோட்டைதாங்க, அரை மணி நேரத்துல முடிஞ்சிடுச்சு" என்கிறார்கள். காரை நேராகக் கோட்டை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, டிக்கெட் எடுத்து, மாடி ஏறி, கடலைப் பின்னால் வைத்து நாலு படம் எடுத்தால் அரை மணி நேரம்தான் ஆகும். எந்த வரிசையில் பார்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் போய் வந்த வரிசையை எழுதுகிறேன்.

1. கிழமை

வெள்ளிக்கிழமை போகாதீர்கள். உள்ளே இருக்கும் தொல்லியல் துறை அருங்காட்சியகத்துக்கு அன்றுதான் விடுமுறை. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள், அப்படியே பக்கத்தில் கோட்டையையும் பார்த்துவிடலாம் என்று கிளம்புவது பெரும்பாலும் வெள்ளிக்கிழமையாகவே அமைந்துவிடுகிறது. காலை பத்து மணிக்குத் திறப்பார்கள் என்பதை வைத்துத் திட்டம் போடுங்கள். அதற்கு முன்பே ஊருக்குள் போய்விட்டால் நல்லது, காரணம் மூன்றாவது படியில்.

2. போய்ச் சேருவது

ரயிலில் வருகிறவர்களுக்கு மயிலாடுதுறைதான் வசதி. அங்கிருந்து பொறையார் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, தரங்கம்பாடி நுழைவாயில் பக்கம் இறக்கிவிடச் சொன்னால் போதும். காரைக்காலிலிருந்து வந்தால் தூரம் இன்னும் குறைவு. பழைய வரைபடம் எதிலாவது தரங்கம்பாடி ரயில் நிலையம் கண்ணில் பட்டால் நம்பாதீர்கள். 1926இல் போட்ட மீட்டர் கேஜ் பாதையை 1986இலேயே மூடிவிட்டார்கள்.

3. கோட்டையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்

சொந்தக் காரில் வந்தாலும் சரி, ஊர் எல்லையில் இருக்கும் வெள்ளை நுழைவாயிலிலேயே இறங்கி நடங்கள். 1792இல் கட்டியது. மேலே டென்மார்க் மன்னர் ஏழாம் கிறிஸ்டியனின் முத்திரை இருக்கும், அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். உள்ளே நுழைந்ததும் கிங் தெரு, அது உங்களை நேராகக் கடலில் கொண்டுபோய் விடும். வழியில் 1701இல் கட்டிய சீயோன் தேவாலயம், 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருப்பது இரண்டாவதில். தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715க்குள் இங்கேயே அச்சடித்து முடித்தவர் அவர்தான். (ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. சின்ன எழுத்து வார்த்தார்கள், பொறையார் பக்கத்தில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற ஊர் இன்னும் இருக்கிறது.)

காலை எட்டரை, ஒன்பது மணி வெயிலில் இந்தத் தெருவை நடந்து முடித்துவிட்டு, திறக்கிற நேரத்துக்குக் கோட்டை வாசலில் நிற்கலாம். மதியம் வந்தால் நிழலுக்கு ஒதுங்கவே நேரம் போய்விடும்.

4. கோட்டைக்குள்

எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடாமல் போனது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கோட்டை என்றதும் வேலூர், செஞ்சி மாதிரி மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இது ராஜா இருந்த இடம் இல்லை, வியாபாரிகளின் கிடங்கு. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் ஒப்பந்தம் போட்டு, ஓவே கியெட்டே என்ற டேனிஷ் கடற்படைத் தளபதி கட்ட ஆரம்பித்தது. நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு அனுப்பிய தங்க ஓலை இப்போதும் கோபன்ஹேகனில் இருக்கிறது.

எனவே மாடிக்கு ஓடாதீர்கள். முதலில் முற்றத்தின் நடுவில் நின்று ஒரு சுற்று பாருங்கள். கடல் பக்கம் மட்டும் இரண்டு தளம், மற்ற பக்கங்களில் சுவரை ஒட்டி ஒற்றைத் தளம், அவ்வளவுதான். அந்த ஒற்றைத் தளத்தில் படைவீரர்கள் தங்கும் இடம், சமையல்கட்டு, சிறை. பிறகு கடல் பக்கக் கட்டிடத்தின் கீழ்த்தளத்துக்குள் போங்கள். தடித்த சுவர், வளைந்த கூரை, வெளிச்சம் குறைவு. சரக்கு அடைத்து வைத்தது இங்கேதான். ஆளுநரும் அதிகாரிகளும் இருந்தது மேல்தளத்தில். கீழே இருப்பது பொருள், மேலே இருப்பவர் கணக்குப் பார்க்கிறவர், சுற்றிலும் காவல். இது மனதில் பதிந்தபின் மேலே ஏறிப் பாருங்கள், ஒவ்வொரு அறைக்கும் காரணம் தெரியும். ஊரிலிருந்த ஆளுநரோடு மோதிக்கொண்ட சீகன்பால்கையும் 1708இல் பிடித்து இந்தக் கோட்டைக்குள் நான்கு மாதம் அடைத்து வைத்தார்கள்.

அருங்காட்சியகத்தில் பீங்கான் சாமான்கள், வாள், குத்துவாள், சின்னச் சின்னப் பீரங்கிக் குண்டுகள், சுதைச் சிற்பங்கள் எல்லாம் கலந்து இருக்கும். குழந்தைகள் நிற்பது திமிங்கல எலும்பின் முன்னால் மட்டும்தான், அவர்களை அங்கே விட்டுவிட்டு நீங்கள் மெதுவாகப் பாருங்கள்.

கையில் ஒரு சின்ன டார்ச் போதும். பெரிய கேமரா, ஸ்டாண்ட் எல்லாம் தூக்கிக்கொண்டு வருவது வீண் சுமை என்பது என் கட்சி. கைப்பேசியே போதும், அந்தக் காசுக்கு நல்ல குடை வாங்குங்கள். கடற்காற்றில் குடை நிற்காது என்பவர்களுக்கு: திரும்பிக்கொள்ளும்தான், ஆனால் முற்றத்தில் காற்று அவ்வளவு இல்லை.

5. கடற்கரை

கோட்டைக்கு வடக்கே கரையிலேயே மாசிலாமணிநாதர் கோயில். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 1620இல் டேனிஷ்காரர்கள் வந்து இறங்கியபோதே அது பழைய கோயில். அலைக்குத் தடுப்பாகக் கொட்டியிருக்கும் பாறைகள் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள், பாசி வழுக்கும். குளிக்கவும் வேண்டாம்.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. கடல் கிழக்கே. கடல் பக்கச் சுவரைப் படம் எடுக்கக் காலை நல்லது, ஊர்ப் பக்கமிருந்து எடுக்கச் சாயங்காலம்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போனவர்கள் சொன்னவை.

வயதானவர்களோடு போன ஒருவர், நுழைவாயிலிலிருந்து நடப்பது சிரமம் என்றார். சரி, அவர்களை மட்டும் கோட்டைக்கு முன்னாலுள்ள மைதானம் வரை வண்டியில் கொண்டுவிட்டு நீங்கள் நடங்கள். கீழ்த்தளம் அவர்களுக்கும் எட்டும், மாடிப்படி கட்டாயமில்லை.

சாப்பாடு பற்றி நான் எழுதவே இல்லை என்று இன்னொருவர் கோபித்துக்கொண்டார். ஊருக்குள் ஓட்டல் தேடிக்கொண்டு நேரத்தை விடாதீர்கள். தண்ணீரும் பிஸ்கட்டும் கையில் இருக்கட்டும், வயிறாரச் சாப்பிடுவதைக் காரைக்காலிலோ மயிலாடுதுறையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்களே, அப்புறம் கோட்டை என்ன ஆயிற்று என்றும் கேட்டார்கள். நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வியாபாரம் அந்தப் பக்கம் போனது. சுதந்திரத்துக்குப் பிறகு கோட்டை அரசு பயணியர் மாளிகையாக இருந்தது, 1978இல் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டது.

நேரம் மிச்சமிருந்தால் திரும்பும் வழியில் தில்லையாடியில் இறங்கி வள்ளியம்மை நினைவிடத்தையும் பாருங்கள், கிட்டத்தில்தான்.