எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள்: ஃபேன்டஸி புதிர் கேம்களுக்கு விமர்சனம் எழுதும் முறை

"கிராஃபிக்ஸ் அருமை, மியூசிக் சூப்பர், கதை பரவாயில்லை, பஸில் கொஞ்சம் ஈஸி. பத்துக்கு ஏழு."

கம்ப்யூட்டரில் ஆடும் மந்திர மாளிகை, சாபம் பிடித்த கோட்டை வகைக் கேம்களுக்கு விமர்சனம் என்று வருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. பெயரை மாற்றிப் போட்டால் அப்படியே இன்னொரு கேமுக்கும் பொருந்தும். படித்தவருக்கு வாங்கலாமா வேண்டாமா என்பது கடைசிவரை தெரியாது.

இந்த வகையில் சண்டை அதிகம் கிடையாது, அவசரமும் கிடையாது. ஆடுகிறவர் மூன்று நான்கு மணி நேரம் செய்வது ஒன்றே ஒன்று: யோசிப்பது. யோசனை எங்கே ஓடியது, எங்கே நின்றது, நின்றதற்குக் காரணம் ஆடியவரா கேமா என்பதை விமர்சனம் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் ட்ரெய்லரிலேயே தெரிந்துவிடும். அதை எப்படிக் குறித்துக்கொள்வது, எப்படி எழுத்தாக்குவது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1: எந்த ரகம் என்று பாருங்கள்

கடைப் பக்கத்தில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். நிலா, கோட்டை, கண்கள் ஒளிரும் ஒரு பெண். உள்ளே போனால் வேறு வேறு.

முதல் ரகம் ஹிட்டன் ஆப்ஜெக்ட். சாமான்கள் குவிந்து கிடக்கும் படத்தில், பட்டியலில் உள்ளதைத் தேடி எடுக்க வேண்டும். அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள பிக் ஃபிஷ் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்' பெரும்பாலும் இந்தத் தேடல்தான். அதே வரிசையில் 2008-இல் 'ரிட்டர்ன் டு ரேவன்ஹர்ஸ்ட்' வந்தபோது, அறை அறையாக நடந்து, பொருளை எடுத்து வைத்துக்கொண்டு, பூட்டைத் திறந்து முன்னேறும் சாகசமும் சேர்ந்துகொண்டது. போலந்தின் ஆர்ட்டிஃபெக்ஸ் முன்டி வெளியிட்ட 'நைட்மேர்ஸ் ஃப்ரம் தி டீப்', 'கிரிம் லெஜெண்ட்ஸ்' வரிசைகள் இந்தக் கலவையில் வந்தவை.

இரண்டாவது ரகத்தில் தேடல் பட்டியலுக்கு வேலையே இல்லை, முழுக்கப் புதிர்தான். 2009-இல் வந்த 'டிரான்: தி பெயின்டட் டவர்' நல்ல உதாரணம். ஒரு கோபுரம், அதன் உச்சியில் ஐரிஸ் என்ற சிறுமி. அவள் வரைந்த ஓவியங்களுக்குள் நாம் நுழைந்து வெளிவர வேண்டும். மூன்றாவது ரகம் செக் நாட்டு அமானிடா டிசைனின் 'சமோரோஸ்ட்', 'மெஷினாரியம்' போன்றவை. இவற்றில் வசனமே கிடையாது. படத்தைப் பார்த்து நாமேதான் புரிந்துகொள்ள வேண்டும்.

தேடல் பிடிக்காதவர் முதல் ரகத்தை வாங்கிவிட்டு எரிச்சலடைவார். அதனால் உங்கள் விமர்சனத்தின் முதல் பத்தியிலேயே ரகத்தைச் சொல்லிவிடுங்கள். தமிழில் எழுதுகிறோம் என்பதால் இன்னொரு வரியும் தேவை: தேடல் பட்டியலில் வருவது ஆங்கிலப் பெயர்கள். தையல்காரர் விரலில் மாட்டும் உறை, நூல் சுற்றும் கதிர் என்று அன்றாடம் காதில் விழாத சாமான்களாகக் கேட்கும். பட்டியலுக்குப் பதிலாகப் பொருளின் நிழல் வடிவத்தைக் காட்டும் கேம்களும் உண்டு. வீட்டில் அம்மாவோ பிள்ளைகளோ ஆட வாய்ப்பிருந்தால் இந்தத் தகவல்தான் அவர்களுக்கு முதலில் வேண்டும்.

படி 2: தொடங்கும்போதே லெவலைக் குறித்துவையுங்கள்

பல கேம்கள் ஆரம்பத்திலேயே கேஷுவல், அட்வான்ஸ்டு, ஹார்ட்கோர், கஸ்டம் என்று ஏதாவது ஒரு வரிசையில் கேட்கும். கேஷுவலில் அடுத்துத் தொட வேண்டிய இடம் மினுமினுக்கும், மேப்பில் வேலை இருக்கும் இடம் அடையாளம் காட்டும். கடினமான லெவலில் இரண்டும் இருக்காது. மினுமினுப்பைப் பின்தொடர்ந்தே ஆடி முடித்துவிட்டு "ரொம்ப ஈஸி" என்று எழுதினால் அந்த வார்த்தைக்கு அர்த்தமே இல்லை. நடு லெவலில் ஆடுங்கள், எந்த லெவல் என்பதை எழுதுங்கள். அது போதும்.

படி 3: மாட்டிக்கொண்ட இடங்களுக்கு ஒரு நோட்டு

மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான படி இதுதான். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓரிரு நிமிடத்துக்கு மேல் நகராமல் நின்ற ஒவ்வொரு இடத்திலும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எந்த இடம், அப்போது என்ன செய்ய முயன்றீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள், தப்பு யாருடையது.

கற்பனையாக ஒரு கேமை எடுத்துக்கொள்வோம். நோட்டில் இப்படி எழுதியிருக்கும் (ஹின்ட் என்பது மாட்டிக்கொண்டால் உதவிக் குறிப்பு தரும் பட்டன்):

"படகுத்துறை. கயிறு கட்டிய பெட்டி. கையில் கத்தி இருக்கிறது, ஆனால் அறுக்க விடவில்லை. 'இது சரிப்படாது' என்கிறது. எல்லா இடமும் சுற்றிவிட்டு ஹின்ட் அழுத்தினேன். மூன்று அறை தள்ளி அடுப்படியில் கத்தரிக்கோல். தப்பு கேமுடையது."

"மணிக்கூண்டு. நான்கு முள்ளையும் எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. படிக்கட்டுச் சுவரில் நான்கு பறவை ஓவியங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்க்கின்றன. வரும்போதே பார்த்தேன், அலங்காரம் என்று விட்டுவிட்டேன். ஹின்ட் இல்லாமல் பிடித்தேன். தப்பு என்னுடையது. நல்ல புதிர்."

முதல் குறிப்பும் இரண்டாவது குறிப்பும் ஒன்றல்ல. ஆடுகிறவர் இரண்டிலும் மாட்டிக்கொண்டார்தான். ஆனால் படகுத்துறையில் அவருடைய சரியான யோசனையைக் கேம் மறுத்தது. மணிக்கூண்டில் கேம் எல்லாவற்றையும் கண்முன் வைத்திருந்தது, அவர்தான் கவனிக்கவில்லை. விமர்சனத்தில் இது இப்படி மாறும்:

"கையில் இருக்கும் கருவியால் இயல்பாகச் செய்யக்கூடிய வேலையைக்கூடச் சில இடங்களில் செய்ய விடாமல், தான் நினைத்த ஒரே பொருளைத் தேடி அலைய வைக்கிறது. ஆனால் அறையின் அலங்காரத்துக்குள்ளேயே விடையை வைத்திருக்கும் இடங்கள் அருமை. நுழைந்ததும் சுவரைப் பாருங்கள்."

எந்த விடையும் உடையவில்லை. ஆனால் படிப்பவருக்குக் கேமின் குணம் தெரிந்துவிட்டது.

நோட்டில் இன்னும் ஒரு கணக்கு வேண்டும். ஒரே பொருளை எடுக்க எத்தனை முறை பழைய அறைக்குத் திரும்பிப் போனீர்கள்? மேப்பைத் தொட்டால் நேரே அங்கே போய்விடலாமா, இல்லை அறை அறையாகத்தான் நடக்க வேண்டுமா? நான்கு மணி நேர கேமில் ஒரு மணி நேரம் நடையாகப் போயிருந்தால் வாசகருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

படி 4: புதிர் நியாயமானதா என்று சோதியுங்கள்

நமக்குச் சின்ன வயதிலேயே பழக்கமான அளவுகோல் ஒன்று இருக்கிறது. "ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்." விடை தேன்கூடு. கேட்டதும் தச்சர் யார், மண்டபம் எது, கண்பட்டவன் யார் என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பொருந்துகிறது. நல்ல புதிரும் அப்படித்தான். விடை தெரிந்த நொடியில் "அட, ஆமாம்ல" என்று வர வேண்டும். "இதை எப்படிய்யா கண்டுபிடிப்பது?" என்று வந்தால் புதிரில் கோளாறு.

கோளாறுக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஃபேன்டஸி ஓரத்துக்குச் சற்று வெளியே இருக்கிறது. 1999-இல் வந்த 'கேப்ரியல் நைட் 3'-இல் வேறொருவரைப் போல வேஷம் போட, பூனை முடியைச் சேகரித்து ஒட்டு மீசை செய்ய வேண்டும். அந்த வேறொருவருக்கு மீசையே கிடையாது! பாஸ்போர்ட் படத்திலும் மீசை வரைந்துகொள்ள வேண்டும். சாகச கேம் ரசிகர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இன்னொரு சோதனை, புதிர் புதியதா என்பது. நகர்த்தும் கட்டங்கள், குழாய் இணைப்பு, ஹனோய் கோபுரம் இவை மூன்றும் இந்த வகையில் திரும்பத் திரும்ப வரும். ஹனோய் கோபுரம் என்பது ஒரு தூணில் அடுக்கிய தட்டுகளை, சிறியதன்மேல் பெரியதை வைக்காமல், ஒவ்வொன்றாக இன்னொரு தூணுக்கு மாற்றும் புதிர். பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்கா 1883-இல் வெளியிட்டது. ஐந்து தட்டு என்றால் குறைந்தது 31 நகர்வு. சூட்சுமம் தெரிந்தவருக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை, 31 தடவை மௌஸை இழுக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு மந்திரவாதியின் கல்தூண் என்று பெயர் சூட்டிவிட்டால் புதிதாகிவிடாது. எனக்கு இதில் பொறுமை போய்விட்டது, புதிரைத் தாண்டிப் போக நேராக ஸ்கிப் பட்டனை அழுத்துகிறேன். நீங்கள் அழுத்தினாலும் அதை மறைக்காமல் எழுதுங்கள்.

படி 5: ஹின்ட் பட்டனையும் விமர்சியுங்கள்

ஹின்ட் அழுத்துவது கௌரவக் குறைச்சல் என்று பலர் அதைத் தொடுவதே இல்லை. விமர்சகர் தொட்டுத்தான் ஆக வேண்டும். அது வழிகாட்டுகிறதா, நேராக விடையைப் போட்டு உடைக்கிறதா? மறுபடி அழுத்த எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? செய்ய வேண்டிய வேலை வேறு அறையில் இருந்தால் அங்கே கூட்டிப்போகிறதா, "இங்கே ஒன்றுமில்லை" என்று கைவிரிக்கிறதா?

2009-இல் வந்த 'மெஷினாரியம்' இதை அழகாகச் செய்திருக்கிறது. ஒரு திரைக்கு ஒரு சின்னக் குறிப்பு எண்ணக் குமிழியில் வரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் முழு வழிமுறையும் ஒரு பூட்டிய புத்தகத்தில் இருக்கிறது. ஒரு சின்ன ஷூட்டிங் கேம் ஆடித்தான் அதைத் திறக்க முடியும். அந்தச் சலிப்பான வேலைக்குப் பயந்தே இன்னும் இரண்டு நிமிடம் யோசித்துவிடுவோம்.

படி 6: மந்திரம் புதிருக்குள் இருக்கிறதா?

கதையைப் பற்றி எழுதும்போது எல்லோரும் சுருக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். அது வேண்டாம். 'நைட்மேர்ஸ் ஃப்ரம் தி டீப்: தி கர்ஸ்டு ஹார்ட்' பற்றி, "அருங்காட்சியகத்தில் வேலை செய்யும் ஒரு தாய், தன் மகளைக் கடத்திப்போன செத்துப்போன கடற்கொள்ளைக்காரனைத் துரத்துகிறாள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். முதல் பத்து நிமிடத்தில் தெரிவதைத் தாண்டி ஒரு வரிகூடச் சொல்லக் கூடாது என்று வைத்துக்கொண்டால் வம்பே இல்லை.

எழுத வேண்டியது வேறு. இது மந்திர உலகம் என்பதால் புதிர் மாறியிருக்கிறதா? 'டிரான்' கேமில் ஓவியத்துக்குள் போவதுதான் கதை, அதுவேதான் புதிரும். இரண்டையும் பிரிக்க முடியாது. வேறு பல கேம்களில் டிராகனும் தேவதையும் சுவரொட்டி மாதிரி பின்னால் நிற்க, முன்னால் நாம் அதே பழைய குழாயை இணைத்துக்கொண்டிருப்போம். டிராகனை எடுத்துவிட்டு அங்கே ஒரு பிளம்பரை நிறுத்தினால் புதிர் மாறுமா என்று கேட்டுப் பாருங்கள். மாறாது என்றால் அது ஃபேன்டஸி வேஷம் மட்டும் போட்ட கேம்.

படி 7: மெஷின் சமாச்சாரம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பெரும்பாலும் வரைந்த படங்கள் என்பதால் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். பழைய கேம்கள் பல 4:3 திரைக்கு, அதாவது அகலம் குறைந்த பழைய மானிட்டருக்குச் செய்தவை. அகலத் திரையில் படம் இழுபடுகிறதா, ஓரத்தில் கறுப்புப் பட்டை வருகிறதா என்று பாருங்கள். டச்பேடில் ஆட முடிகிறதா, நடுவில் வேறு விண்டோவுக்குப் போய்வந்தால் கேம் தாங்குகிறதா என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் வாங்கி ஆடினால், எஃப் 12 அழுத்தியதும் ஸ்கிரீன்ஷாட் விழும். புதிரை விடுவித்த பின் எடுத்த படத்தைப் போட்டுவிடாதீர்கள், அதுவே விடை.

படி 8: எழுத உட்காருவது

சரி, நோட்டு நிறைந்துவிட்டது. இனி ரகம், லெவல், எடுத்த நேரம் இவற்றை முதலில் சொல்லுங்கள். அப்புறம் நல்ல புதிர் ஒன்று, கோளாறான புதிர் ஒன்று, இரண்டையும் விடை உடையாமல் நெருங்கிக் காட்டுங்கள். பத்துப் புதிரை மேலோட்டமாகத் தொடுவதைவிட இது நன்றாக நிற்கும். பிறகு ஹின்ட், கதை, மெஷின். கேமை யாராவது இலவசமாகக் கொடுத்திருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டீம் விமர்சனப் பெட்டியிலேயே அதற்கு ஒரு டிக் உண்டு. மதிப்பெண் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். ஸ்டீமில் எப்படியும் பரிந்துரைக்கிறேன், இல்லை என்ற இரண்டே பதில்தான்.

பலர் விட்டுவிடும் இடம் ஒன்று இருக்கிறது. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பிக் ஃபிஷ் ஒரு மணி நேரம் இலவசமாக ஆடிப் பார்க்கவிடுவது நெடுநாள் வழக்கம். ஆக, முதல் ஒரு மணி நேரத்தை வாசகர் தானே பார்த்துக்கொள்வார். நல்ல ஓவியம், நல்ல மினி கேம் எல்லாவற்றையும் அந்த முதல் மணியிலேயே கொட்டிவிட்டு, பின்பாதியில் அதே அறைகளைத் திரும்பச் சுற்ற வைக்கும் கேம்கள் இருக்கின்றன. அதனால் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கேம் எப்படி இருக்கிறது என்பதற்கென்றே ஒரு பத்தி ஒதுக்குங்கள். அது விமர்சகரிடமிருந்து மட்டுமே கிடைக்கும் தகவல்.

கலெக்டர்ஸ் எடிஷன் என்று கூடுதல் விலையில் ஒன்று விற்றால், போனஸ் சாப்டரைத் தனியாக மதிப்பிடுங்கள். வால்பேப்பரும் பாட்டும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் கதையின் உண்மையான முடிவு அந்த போனஸுக்குள் போய் உட்கார்ந்திருந்தால், சாதாரண எடிஷன் வாங்கப் போகிறவருக்கு அதைச் சொல்லியே ஆக வேண்டும்.