லியான் வேரை முழுசாகக் கேட்க ஒரு பிளேலிஸ்ட்: புதியவர்களுக்கான செய்முறை

ஸ்பாட்டிஃபையில் அமெரிக்க சோல் பாடகரும் பாடலாசிரியரும் தயாரிப்பாளருமான லியான் வேர் பெயரைத் தட்டினால் அவர் சொந்தக் குரலில் பாடிய ஆல்பங்கள் வந்து நிற்கும். அதை மட்டும் கேட்டுவிட்டு அவரை முடித்துவிட்டதாக நினைத்தால் பாதிக் கிணறுகூடத் தாண்டியிருக்க மாட்டீர்கள். மீதி வேலையெல்லாம் மைக்கேல் ஜாக்சன், குவின்சி ஜோன்ஸ், மின்னி ரிப்பர்டன், மார்வின் கே, மேக்ஸ்வெல் ஆகியோரின் பெயர்களுக்குக் கீழே கிடக்கிறது. இசையமைப்பாளர் பெயரைப் போட்டுத் தேடியே பழகிய நமக்கு இது கொஞ்சம் குழப்பும். அமெரிக்க சோல் இசையில் பாட்டு பாடியவர் கணக்கில்தான் இருக்கும். எழுதியவரையும் தயாரித்தவரையும் கிரெடிட்ஸுக்குள் (பாட்டில் வேலை செய்தவர்களின் பட்டியல்) போய்த்தான் பிடிக்க வேண்டும்.

லியான் வேர் டெட்ராய்ட்டில் 1940-ல் பிறந்தவர், 2017-ல் காலமானார். சோல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகை, மோடவுன் அதை வெளியிட்ட ரெக்கார்டு கம்பெனி. அதற்கு மேல் இங்கே விளக்கப் போவதில்லை.

தேவையானவை

ஏதாவது ஒரு ஸ்ட்ரீமிங் ஆப், பிரவுசரில் இசைத்தட்டு விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் டிஸ்காக்ஸ் தளம் (பார்ப்பதற்குக் கணக்கு தேவையில்லை), பேஸ் (கனத்த அடிஒலி) ஒழுங்காகக் கேட்கிற ஹெட்ஃபோன். போன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். இந்தப் பாட்டுகளில் பாதி விஷயம் பேஸ் கிட்டாரிலும் காங்கா மேளத்திலும் நடக்கிறது. ஸ்பீக்கரில் அது காற்றோடு போய்விடும். பாட்டுப் பெயர்களை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன், ஆப்பில் ஆங்கில எழுத்தில் தேடுங்கள்.

படி 1: ஷஃபிளையும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள்

ஷஃபிள் (பாட்டுகளைக் கலைத்துப் போடுவது) பட்டன் பாட்டு ஓடும் திரையிலேயே இருக்கும். கிராஸ்ஃபேடு (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலப்பது) செட்டிங்ஸில் பிளேபேக் பகுதியில் இருக்கும். காரணம் படி 4-ல் வருகிறது.

படி 2: மற்றவர்கள் பாடியவற்றை முதலில் சேருங்கள்

அவருடைய சொந்த ஆல்பத்தில் தொடங்காதீர்கள். மற்றவர்கள் குரலில் அவருடைய மெட்டுகள் பழகிய பிறகு அவர் குரலுக்கு வந்தால் எல்லாம் தானாகப் புரியும். ஆண்டு வரிசையில் போடுங்கள்.

முதலில் மைக்கேல் ஜாக்சனின் 'ஐ வான்னா பி வேர் யூ ஆர்', 1972. எழுதியவர்கள் லியான் வேரும் டி-பாய் ராஸும் (டயானா ராஸின் தம்பி). ஆனால் தயாரித்தது ஹால் டேவிஸ். கிரெடிட்ஸில் 'ரிட்டன் பை', 'ப்ரொட்யூஸ்டு பை' என்று இரண்டு வரி இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிய லியான் வேர் வேறு, ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து முழு ஆல்பத்தையும் செதுக்கிய லியான் வேர் வேறு.

அடுத்து குவின்சி ஜோன்ஸின் 'பாடி ஹீட்' ஆல்பம், 1974. அதில் தலைப்புப் பாட்டையும் 'இஃப் ஐ எவர் லூஸ் திஸ் ஹெவன்' பாட்டையும் எடுங்கள். இரண்டாவதை எழுதியதில் லியான் வேருக்குத் துணை பாம் சாயர். பாடுகிறவர்களில் மின்னி ரிப்பர்டனோடு லியான் வேரின் குரலும் இருக்கிறது. அதைப் பிரித்துக் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மின்னி ரிப்பர்டனின் 'இன்சைட் மை லவ்', 1975. எழுதியவர்கள் மின்னி, அவர் கணவர் ரிச்சர்ட் ருடால்ஃப், லியான் வேர். மின்னியின் உச்சஸ்தாயிக் குரலை 1993-ல் எ ட்ரைப் கால்டு குவெஸ்ட் என்ற ராப் குழுவினர் 'லிரிக்ஸ் டு கோ' பாட்டில் எடுத்துப் போட்டார்கள். ராப் கேட்பவர்களுக்கு இந்தப் பாட்டு ஏற்கெனவே தெரிந்த மாதிரி இருந்தால் காரணம் அதுதான்.

கடைசியில் மேக்ஸ்வெல்லின் 'சம்திங் சம்திங்', 1996. மேக்ஸ்வெல்லோடு லியான் வேர் சேர்ந்து எழுதியது. இருபது ஆண்டு இடைவெளியில் அதே சூடு. மார்வின் கேயை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அவருக்குத் தனிப் படி.

படி 3: ஒரே பெயரில் இரண்டு ஆல்பம்

பெரும்பாலோர் வழுக்குகிற இடம் இது. 'லியான் வேர்' என்றே தலைப்பிட்ட ஆல்பங்கள் இரண்டு. ஒன்று 1972-ல் யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் லேபிளில் (வெளியீட்டு நிறுவனம்) வந்தது, அதுதான் முதல் தனி ஆல்பம். மற்றது 1982-ல் எலெக்ட்ராவில் வந்தது, 'வொய் ஐ கேம் டு கலிஃபோர்னியா' அதில்தான். பத்து ஆண்டில் ஆளின் ஒலியே மாறியிருக்கிறது. இரண்டையும் மாற்றிப் போட்டால் பிளேலிஸ்ட் எங்கும் போய்ச் சேராது.

ஆப் காட்டும் ஆண்டை நம்பாதீர்கள். மறுவெளியீடு வந்த ஆண்டையே அசல் ஆண்டு போலக் காட்டுவது இந்த ஆப்களின் பழைய வியாதி. செய்ய வேண்டியது: ஆல்பத்தைத் திறந்து, பாட்டுப் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் உரிமை வரியைப் பாருங்கள். அதிலும் தெளிவாகாவிட்டால் டிஸ்காக்ஸில் அந்த ஆல்பத்தின் 'மாஸ்டர் ரிலீஸ்' பக்கத்துக்குப் போங்கள். எல்லாப் பதிப்பும் அங்கே ஒரே இடத்தில் இருக்கும், ஆண்டு வரிசையில் முதலில் வருவதுதான் அசல். லேபிள் பெயரையும் முதல் பாட்டின் பெயரையும் ஒப்பிட்டுவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. விக்கிப்பீடியாவில் பார்த்தால் போதாதா என்றால், பட்டியலுக்குப் போதும். பதிப்பு விவரத்துக்கு டிஸ்காக்ஸுக்கு ஈடு இல்லை.

படி 4: 'ஐ வான்ட் யூ', உடனே 'மியூசிக்கல் மசாஜ்'

இரண்டும் 1976. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பதுதான் இந்தப் பிளேலிஸ்ட்டின் உயிர்.

லியான் வேர் தன் சொந்த ஆல்பத்துக்காகச் சேர்த்துக்கொண்டிருந்த பாட்டுகள் மோடவுன் முதலாளி பெரி கோர்டி காதுக்குப் போயின. அவை மார்வின் கேயிடம் கைமாறி 'ஐ வான்ட் யூ' ஆயின. லியான் வேர் தயாரிப்பு, மார்வின் இணைத் தயாரிப்பு. கைவசம் இருந்ததை விட்டுக்கொடுத்தவர், அதே ஆண்டில் மோடவுனின் துணை லேபிளான கோர்டியில் 'மியூசிக்கல் மசாஜ்' கொண்டுவந்தார். கம்பெனி அதைத் தூக்கி நிறுத்தவில்லை. அது பெயர் வாங்கியதெல்லாம் பின்னாளில்தான்.

'ஐ வான்ட் யூ' ஆல்பத்தைப் பாட்டுப் பாட்டாகப் பிய்க்கக் கூடாது. தலைப்புப் பாட்டின் துணுக்கு நடுவில் மீண்டும் தலைகாட்டும். 'ஆஃப்டர் த டான்ஸ்' முதலில் வெறும் வாத்தியமாக வந்து, கடைசியில் குரலோடு திரும்பும். படி 2-ல் மைக்கேல் பாடிய 'ஐ வான்னா பி வேர் யூ ஆர்' பாட்டையும் மார்வின் ஒரு நிமிஷத்துக்குச் சற்றே கூடுதலாகப் பாடிவிட்டு நகர்வார். ஷஃபிளில் விட்டால் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வருவதாகத் தோன்றி எரிச்சல்தான் மிஞ்சும். கிராஸ்ஃபேடு இருந்தால் ஆப் தன் இஷ்டத்துக்கு முடிவுகளை மங்கலாக்கும். டீலக்ஸ் பதிப்பைத் தவிருங்கள். கூடுதல் டேக்குகள் (அதே பாட்டின் மாற்றுப் பதிவுகள்) எல்லாம் இரண்டாம் சுற்றுக்கு.

கவனிக்க வேண்டியது பின்னணிக் குரல்கள். மார்வின் தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிந்திருக்கிறார். அந்த அடுக்கு காதில் இருக்கும்போதே 'மியூசிக்கல் மசாஜ்' தொடங்கட்டும். அதில் 'பாடி ஹீட்' வந்ததும் நிறுத்தி, படி 2-ல் சேர்த்த குவின்சி ஜோன்ஸ் பதிவை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பாட்டு ஒன்று, தயாரிப்பு இரண்டு. தயாரிப்பாளர் என்பவர் என்னதான் செய்கிறார் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

படி 5: மீதித் தனி ஆல்பங்கள்

'இன்சைட் இஸ் லவ்' (1979), 'ராக்கின் யூ எடர்னலி' (1981), பிறகு அந்த 1982 எலெக்ட்ரா ஆல்பம். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் 1981. தலைப்புப் பாட்டில் பிரேசில்காரர் மார்க்கோஸ் வாலேயின் கை இருக்கிறது. அதே ஆல்பத்தின் 'பேபி டோன்ட் ஸ்டாப் மீ' முடிந்ததும் வாலேயின் 'எஸ்ட்ரெலார்' (1983) போடுங்கள். போர்ச்சுகீசில் அதே தாளக்கட்டு! பிந்தையவற்றில் 2008-ல் ஸ்டாக்ஸ் லேபிளில் வந்த 'மூன் ரைட்' போதும். மறைவுக்குப் பின் 2019-ல் வந்த 'ரெயின்போ டியூ' விருப்பம்போல.

சிக்கல் வந்தால்

ஆப்பில் கிரெடிட்ஸ் காலியாக இருந்தால்: டிஸ்காக்ஸில் அவர் பக்கத்தைத் திறந்து 'ரைட்டிங் அண்ட் அரேஞ்ச்மென்ட்', 'ப்ரொடக்ஷன்' வடிகட்டிகளைத் தனித்தனியாகப் போடுங்கள்.

அந்தப் பட்டியலில் புதுசாக ஏதோ ராப் பாட்டு தென்பட்டால் அவர் அதற்கு உட்கார்ந்து எழுதினார் என்று அர்த்தமில்லை. பழைய பதிவிலிருந்து சாம்பிள் (ஒரு துணுக்கு) எடுத்தாலும் மூலப் பாட்டை எழுதியவர் பெயர் சேர்ந்துவிடும். அவற்றைத் தனிப் பிளேலிஸ்ட்டில் வையுங்கள்.

ஏதாவது ஆல்பம் சாம்பல் நிறமாகி ஓடாவிட்டால் நம் நாட்டில் அதற்கு உரிமை இல்லை என்று பொருள். யூடியூப் மியூசிக்கில் அதே ஆல்பம் சில சமயம் கிடைக்கும். அங்கும் லேபிள் பெயரைச் சரிபார்த்த பிறகே சேருங்கள்.