மொட்டைத் தலைக்கும் ஹிரோஷிமாவுக்கும் முடிச்சு

வெள்ளை பூசிய உடம்பு, மொட்டைத் தலை, முறுக்கிக்கொண்ட விரல்கள். ஜப்பானின் நவீன நடன வடிவமான புட்டோவின் படம் ஒன்று கண்ணில் பட்டதும், "அணுகுண்டில் வெந்த ஜப்பானின் அலறல்" என்று எழுதிவிடுகிறார்கள். புட்டோவைப் பற்றி அதிகம் பரவியிருக்கும் தவறு இதுதான்.

1959 மே மாதம் டோக்கியோவில், புதிய நடனக் கலைஞர்களுக்கான நிகழ்ச்சி ஒன்றில், புட்டோவைத் தொடங்கிய ஹிஜிகாட்டா தாட்சுமி 'கின்ஜிகி' என்ற சிறு படைப்பை அரங்கேற்றினார். தலைப்பு மிஷிமா யூகியோவின் நாவலுடையது. இருண்ட மேடை, ஓர் இளைஞன், ஒரு கோழி, ஆணுக்கு ஆண் மேல் வரும் காமம். அதில் குண்டும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. பார்த்தவர்கள் ஆடிப்போனார்கள், நடனச் சங்கத்தோடு ஹிஜிகாட்டாவுக்கு உறவு முறிந்தது. அவர் அப்போது ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தது பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ஜெனேயை. அடுத்த வருடமே அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தக் கொந்தளிப்பான டோக்கியோதான் புட்டோவின் தாய்வீடு. போரின் நிழலே இல்லை என்று சொல்லவில்லை. இன்னொரு முன்னோடியான ஓனோ கசுவோ சீனாவிலும் நியூ கினியிலும் ராணுவத்தில் இருந்தவர். ஆனால் நிழலையே காரணமாக்குவது சோம்பேறித்தனம்.

சரி, குண்டு இல்லையென்றால் ஜென் பௌத்தம், 'நோ' என்ற பழைய ஜப்பானிய நாடகம், ஆயிரம் வருடப் பாரம்பரியம் என்று போய்விடுகிறார்கள். அதுவும் வேண்டாம். ஹிஜிகாட்டா, ஓனோ இருவரும் முதலில் பயின்றது ஜெர்மனியிலிருந்து வந்த நவீன நடனம். ஓனோவின் ஆசிரியர் எகுச்சி தக்காயா, ஜெர்மன் நடனக் கலைஞர் மேரி விக்மனின் பள்ளியில் படித்தவர். ஓனோவின் புகழ்பெற்ற படைப்போ ஒரு ஸ்பானிய நடனக்காரிக்குச் செலுத்திய அஞ்சலி. 1929-இல் லா அர்ஹென்டினா என்ற அந்த நடனக்காரியைப் பார்த்து மயங்கியவர், 1977-இல், 71 வயதில், அவரை நினைத்து ஆடினார். இயக்கியது ஹிஜிகாட்டா.

1970-களில் ஹிஜிகாட்டா தன் சொந்த ஊர்ப்பக்கமான, வட ஜப்பானின் அகிதாவின் குளிருக்கும், வயலில் குனிந்து வளைந்த கால்களுக்கும் திரும்பினார் என்பது உண்மை. ஆனால் மேடையில் வந்தது அவர் கற்பனையில் சமைத்த அகிதா. அதைக் கிராமியக் கலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சன்னதம் வந்து ஆடுவதாகவும் பலர் நினைக்கிறார்கள். ஹிஜிகாட்டா தன் அசைவுகளைச் சொற்களாகவும் படங்களாகவும் தொகுத்துவைத்தவர். ஓவியர் பிரான்சிஸ் பேக்கனின் ஓவியங்கள்கூட அவர் படங்களை ஒட்டிவைத்த புத்தகங்களில் உண்டு. அந்த நேரத்தில் தோன்றுவதை ஆடுவது ஓனோவின் பாணி.

அப்புறம், எல்லாமே மெதுவாக இருக்கும் என்ற எண்ணம். அமகாட்சு உஷியோவின் சங்காய் ஜுக்கு குழுவை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மாரோ அகாஜியின் தைராகுதாகான் குழு 1972-இல் தொடங்கியது. அங்கேயோ ஆரவாரம், கூட்டம், கூத்து. இரண்டுமே புட்டோதான்.