பழைய இரும்பிலிருந்து ரிம்ஃபயர் துப்பாக்கிக்கான எஃகு இலக்கு செய்யும் முறை

காகித இலக்கில் சுடுபவர், குண்டு எங்கே பட்டது என்று அறியத் தொலைநோக்கியை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நடந்து சென்று பார்க்க வேண்டும். எஃகுத் தகடோ பட்ட நொடியிலேயே ஒலித்துச் சொல்லிவிடும். உரிமம் பெற்ற துப்பாக்கியும் சுடுவதற்கு அனுமதியுள்ள இடமும் உடைய தொடக்கநிலையாளர், அத்தகைய தகட்டைப் பழைய இரும்பிலிருந்து அரை நாளில் செய்துகொள்ளலாம். ரிம்ஃபயர் என்பது அடிவிளிம்பில் அடித்து வெடிக்கச் செய்யும் தோட்டா வகை; இங்கே விளக்கப்படுவது அவ்வகையில் .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) தோட்டாவுக்கு மட்டுமே உரியது. அதன் ஈயக்குண்டு ஏறத்தாழ 2.6 கிராம் எடையுடன், நொடிக்கு 320 முதல் 380 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. அதற்கு 6 மி.மீ. தடிமனுள்ள மைல்ட் ஸ்டீல் (கரிமம் குறைந்த சாதாரண எஃகு) ஈடுகொடுக்கும். .22 மேக்னம், .17 எச்எம்ஆர் ஆகியவையும் ரிம்ஃபயர் வகையே என்றாலும், பின்னது நொடிக்கு 750 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்வதால் மைல்ட் ஸ்டீலில் குழி விழுந்துவிடும். அவற்றுக்கு ஏஆர்500 போன்ற கடினப்படுத்திய தகட்டை விலைக்கு வாங்குவதே முறை.

குழியைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தட்டையான, கடினமான பரப்பில் மோதும் ஈயக்குண்டு நசுங்கி, தகட்டின் முகத்தை ஒட்டியவாறு நாற்புறமும் பக்கவாட்டில் சிதறும். அதே குண்டு குழியில் விழுந்தால், குழியின் சுவர் அதன் துகள்களைத் திருப்பிச் சுடுபவரை நோக்கியே அனுப்பும். இக்கட்டுரையில் வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறக்கின்றன.

முதல் படி: இரும்பைத் தேர்ந்தெடுத்தல்

கட்டுமானப் பட்டறைகளில் வெட்டியபின் எஞ்சும் தகட்டுத் துண்டுகளும், தூண்களின் அடித்தகடுகளும் மிகவும் ஏற்றவை. மண்வாரி இயந்திர வாளியின் வெட்டுமுனை கிடைத்தால் அது தேய்மானத்தைத் தாங்கும் எஃகு என்பதால் இன்னும் நல்லது. ஆனால் வீட்டுக் கருவிகளால் அதை வெட்டுவது எளிதன்று. பிரேக் டிஸ்க், பிரேக் டிரம், உடற்பயிற்சி எடைத்தட்டு ஆகியவை வட்டமாகவும் கனமாகவும் இருப்பதால் பலருக்கும் ஆசையைத் தூண்டும். அவை பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அடிபட்டால் வளையாமல் உடைந்து தெறிக்கும். காந்தம் இரண்டிலும் ஒட்டும் என்பதால் அதைக் கொண்டு வேறுபாட்டை அறிய முடியாது. கிரைண்டரை ஓரத்தில் வைத்துப் பாருங்கள்: மைல்ட் ஸ்டீல் நீண்ட, வெளிர் மஞ்சள் பொறிகளைத் தரும், வார்ப்பிரும்பின் பொறி குட்டையாகவும் செந்நிறமாகவும் இருக்கும்.

உழவுத் தட்டு, லாரியின் பட்டைவில் போன்ற வளைந்த பொருள்களையும் ஒதுக்கிவிடுங்கள். எஃகு தரமானதாக இருந்தாலும் வளைவில் பட்ட குண்டு எத்திசையில் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. துத்தநாகம் பூசிய தகட்டைச் சூடாக்கினால் எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். மூடிய குழாயையோ தொட்டியையோ வெட்டவே கூடாது.

இரண்டாம் படி: வெட்டுதலும் துளையிடுதலும்

15 செ.மீ. சதுரம் முதல் இலக்குக்குப் போதும், 6 மி.மீ. தடிமனில் அது ஏறத்தாழ 1 கிலோ எடை இருக்கும். வட்டம்தான் வேண்டும் என்பவர்கள் மூலைகளை வெட்டி எண்கோணமாக்கிப் பிறகு தேய்த்துக்கொள்ளலாம், ஆனால் ஒலியில் வேறுபாடு ஒன்றும் இல்லை. கண்ணாடி, முகக்கவசம், கையுறை, காதடைப்பான் ஆகியவற்றை அணிந்து, தகட்டைக் கிளாம்பால் இறுக்கி, மெல்லிய கட்டிங் வீல் பொருத்திய ஆங்கிள் கிரைண்டரால் வெட்டுங்கள். ஓரப் பிசிறுகளை அரத்தால் நீக்குங்கள். மேல் விளிம்பிலிருந்தும் பக்க விளிம்புகளிலிருந்தும் 2 செ.மீ. உள்ளே தள்ளி, சென்டர் பஞ்ச்சால் குறியிட்டு, எண்ணெய் விட்டு மெதுவான வேகத்தில் இரண்டு 11 மி.மீ. துளைகள் இடுங்கள்.

மூன்றாம் படி: சாய்வாகத் தொங்கவிடுதல்

தொடக்கநிலையாளர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். நானும் என் முதல் தகட்டைச் செங்குத்தாகவே தொங்கவிட்டேன். தாங்கியின் மரக்கால்களில் பதிந்த ஈயத்துகள்களைக் கண்ட பிறகே, சிதறல் எவ்வளவு வேகமானது என்று புரிந்தது. தகட்டின் மேற்பகுதி சுடுபவரை நோக்கி ஏறத்தாழ 20 பாகை சாய்ந்திருந்தால், துகள்களில் பெரும்பகுதி தரையை நோக்கி இறங்கும்.

இந்தச் சாய்வை வெல்டிங் இல்லாமலே பெறலாம். வழவழப்பான குமிழ்த் தலையும் சதுரக் கழுத்தும் உடைய 10 மி.மீ. கேரேஜ் போல்ட் இரண்டை, 60 மி.மீ. நீளத்தில், முழுவதும் மரையிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். கழுத்து அமரும்படி துளையின் மூலைகளை அரத்தால் சதுரமாக்கி, தலை சுடுபவர் பக்கம் இருக்குமாறு செருகி, பின்னால் நட்டை இறுக்குங்கள். தகட்டுக்கு 2 செ.மீ. பின்னால் சங்கிலியின் வளையத்தை வாஷர்களுக்கு இடையே மாட்டி, நைலாக் நட்டால் (எளிதில் கழலாதபடி உள்ளே நைலான் வளையமுள்ள நட்டு) அடைத்துவிடுங்கள். வளையம் தடையின்றி அசைய வேண்டும். இறுகிவிட்டால் சாய்வு கிடைக்காது. தொங்கும் எந்தப் பொருளின் ஈர்ப்பு மையமும் தொங்கும் புள்ளிக்கு நேர் கீழே வந்து நிற்கும் என்பதால், புள்ளி பின்னால் இருக்கும்போது தகட்டின் அடிப்பகுதி பின்னோக்கி நகர்கிறது, மேற்பகுதி முன்னே வருகிறது. துளையிலிருந்து தகட்டின் நடுப்பகுதி 5.5 செ.மீ. கீழே இருக்கும் இந்த அளவுக்கு, 2 செ.மீ. இடைவெளி ஏறத்தாழ 20 பாகையைத் தரும். பெரிய தகடானால் இடைவெளியையும் அதே விகிதத்தில் கூட்டுங்கள்.

தாங்கிக்கு மரமே நல்லது. குறி தவறிய குண்டை அது திருப்பி அனுப்பாது. கால்கள் தகட்டிலிருந்து 30 செ.மீ. ஆவது விலகி நிற்கட்டும்.

நான்காம் படி: சுடுதலும் பராமரிப்பும்

தகட்டுக்குப் பின்னால் உயரமான மண்மேடு இருக்க வேண்டும்; .22 குண்டு 1.5 கி.மீ.க்கு மேலும் செல்லக்கூடியது. 25 மீட்டருக்குக் குறையாத தொலைவில் நில்லுங்கள், பார்வையாளர் உட்பட அனைவரும் கண்ணாடி அணிந்திருக்கட்டும். வெறும் ஈயக்குண்டையோ செம்புப் பூச்சிட்ட ஈயக்குண்டையோ மட்டும் பயன்படுத்துங்கள். காற்றுத்துப்பாக்கியின் எஃகு உருண்டைகளை இத்தகட்டில் சுடவே கூடாது. அவை சிதறாமல் அப்படியே திரும்பி வரும்.

வெள்ளை ஸ்பிரே பெயின்ட் அடித்தால் ஒவ்வோர் அடியும் சாம்பல் நிறப் பொட்டாகத் தெரியும், அடுத்தவர் சுடும் முன் ஒருமுறை பூசினால் போதும். தகட்டின் கீழே மணல் நிரப்பிய பெட்டி வைத்தால் ஈயத்துகள்களைச் சேர்த்தெடுக்கலாம். முடித்ததும் சோப்பால் கைகழுவாமல் எதையும் உண்ண வேண்டாம். ஒவ்வொரு முறையும் தகட்டின் குறுக்கே நேர்விளிம்புள்ள அளவுகோலை வைத்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரியுமளவு வளைந்திருந்தாலோ, விரலால் தடவும்போது குழி தட்டுப்பட்டாலோ, போல்ட்டுகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு தகட்டை மீண்டும் பழைய இரும்புக்கே அனுப்பிவிடுங்கள்.