ஒரே தொண்டையில் இரண்டு சங்கீதம்: கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் பாட விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜான் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்கரை நம் ரசிகர்கள் ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்றே அழைத்தார்கள். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர். 1960களில் டி. விஸ்வநாதனிடம் பாட்டு கற்றுக்கொண்டார். விஸ்வநாதன் புல்லாங்குழல் வித்வான், பரதக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி, வீணை தனம்மாளின் பேரன். அந்தப் பாடாந்தரத்தை, அதாவது குரு வழியாக வரும் பாடும் முறையை, அப்படியே வாங்கிக்கொண்டு திருவையாறு ஆராதனையிலும் பாடினார் ஹிக்கின்ஸ். அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். கிருதிக்கு நடுவே மேற்கத்திய ஹார்மனி (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) எங்கும் எட்டிப் பார்க்காது. பாகவதர் என்ற பெயர் அவருக்கு அதனால்தான் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

இன்று பலர் செய்யும் முதல் தவறு இதற்கு நேர் எதிரானது. இரண்டில் ஒன்றுகூடக் கைவசப்படுவதற்கு முன்பே கலக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு வர்ணத்தின் கீழே பியானோ கார்டு (ஒன்றாக அழுத்தும் ஸ்வரக்கொத்து), ஆப்பரா என்ற இசை நாடகத்தில் தனிக்குரலில் பாடும் ஒரு ஏரியாவின் நடுவே நாலு பிருகா (வேகமான ஸ்வர உருட்டல்). கைதட்டல் கிடைக்கும். ஆனால் எந்தப் பக்கத்து ஆசிரியரும் அதை வைத்து உங்களை மேலே கொண்டுபோக மாட்டார்.

அடுத்தது குரலைத் தப்பாக வகைப்படுத்துவது. அதிகம் பேரின் பாதையை மாற்றிவிடும் தவறு இது. 5 கட்டை சுருதியில் பாடும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருடைய மத்திய ஸட்ஜம் ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ், தார ஸட்ஜம் 392, அதற்கு மேலே பஞ்சமம் 587. கச்சேரியில் அதைத் தாண்டிப் போக வேண்டிய தேவை அநேகமாக வராது. பெண்களில் மிக உயர்ந்த குரல்வகையான சொப்ரானோ பாடகிக்கோ அந்த 587 அன்றாடம் புழங்கும் இடம். ஆப்பராவில் அவர் தொட வேண்டிய மேல் ‘சி’ ஏறத்தாழ 1,046 ஹெர்ட்ஸில் இருக்கிறது. இது தெரியாமல், பத்து வருஷம் கர்நாடக இசை கற்ற பெண் முதல் வகுப்பிலேயே “எனக்குக் கீழ்க்குரல்தான், நான் ஆல்டோ” என்று சொல்லிவிடுகிறார். மேலே பாடிப் பழக்கமில்லை என்பது வேறு, மேல்குரலே இல்லை என்பது வேறு. ஆறு மாதமாவது பொறுத்திருந்து பார்க்க வேண்டும். பையன்களுக்கு மகரக்கட்டு (வளரும் வயதில் குரல் உடைவது) முடிந்து குரல் நிலைக்கும்வரை டெனர் (ஆண்களின் மேல்குரல்), பாரிடோன் (நடுக்குரல்) என்ற பேச்சே வேண்டாம்.

இதோடு ஒட்டியது கள்ளக்குரல் (இயல்பான குரலை விட்டு மெலிதாகப் பாடும் பொய்க்குரல்) பற்றிய பயம். கள்ளக்குரலில் பாடாதே என்று நம் குருமார்கள் சொல்வது நம் சங்கீதத்துக்குச் சரி. சொப்ரானோவின் தலைக்குரல் அந்த மெலிந்த குரல் அல்ல. மூச்சின் பலத்தில் முழுசாக ஒலிப்பது. அந்த வித்தியாசம் புரியாமல் நெஞ்சுக்குரலையே மேலே தள்ளிக்கொண்டு போனால் தொண்டை இறுகும், நாளடைவில் குரல்நாணில் முடிச்சு வரலாம். குரலை இப்படித் தள்ளத் தோன்றுவதற்கு மைக்கும் ஒரு காரணம். சபாவில் மைக் இருக்கிறது, அதனால் நுணுக்கத்தை மெல்லப் பாடலாம். ஆப்பராவில் மைக் இல்லை. ஆர்க்கெஸ்ட்ராவின் சத்தத்தைத் தாண்டிக் குரல் கேட்பது கத்துவதால் அல்ல. வாத்தியங்களின் பலம் குறைந்திருக்கும் 3,000 ஹெர்ட்ஸ் பகுதியில் பயிற்சி பெற்ற குரல் தன் ஒலியைக் குவிக்கிறது. இதைப் புத்தகம் பார்த்தோ காணொளி பார்த்தோ கற்க முடியாது. அருகில் நின்று கேட்டுத் திருத்தும் ஆசிரியர் வேண்டும்.

ஸ்வரத்துக்கு வருவோம். வைப்ராட்டோவும் கம்பிதமும் (ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம்) ஒன்று என்று நினைக்காதீர்கள். வைப்ராட்டோ நீண்ட ஸ்வரம் எதிலும் இயல்பாக ஓடும் அசைவு, வினாடிக்கு ஐந்தாறு தடவை. கம்பிதம் இந்த ராகத்தில் இந்த ஸ்வரத்துக்கு என்று விதிக்கப்பட்டது. தோடியின் காந்தாரத்துக்கு அது உயிர். தம்புராவோடு சேர வேண்டிய ஸட்ஜத்தில் வைப்ராட்டோ வந்தால் காது கூசும்.

இன்னொன்று, ஸட்ஜத்தை விட்டு நகர முடியாத காது. மோட்சார்ட்டின் பாட்டு ‘சி’யை ஸட்ஜமாகக் கொண்டு தொடங்கி, நடுவே ‘ஜி’யை ஸட்ஜமாக்கிக்கொண்டு நகரும். நம் பாடகர் அந்த ‘ஜி’யைப் பஞ்சமமாகவே கேட்டுக்கொண்டிருப்பார். அங்கே வரும் எஃப் ஷார்ப் அவருக்குப் பிரதி மத்யமம், கல்யாணியின் சாயலோடு அசைந்து வரும். உண்மையில் அது புது ஸட்ஜத்துக்கு இழுத்துச் செல்லும் நிஷாதம். கிரகபேதம் (ராகத்தின் வேறொரு ஸ்வரத்தை ஸட்ஜமாக வைத்து வேறு ராகம் காட்டுவது) பாடத் தெரிந்தவர்கூட இங்கே தடுமாறுவார், ஏனென்றால் கிரகபேதத்தில் தம்புரா மாறுவதில்லை. பியானோவில் அடித்தளமே நகர்ந்துவிடுகிறது. ஸ்டாஃப் நொட்டேஷனை (ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பை) ஸரிகமவாக மாற்றி எழுதிப் படிக்கும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே விட்டுவிடுவது நல்லது. தொடையில் தாளம் போடுவதையும் ஒத்திகையில் நிறுத்துங்கள். ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரின் கை எங்கே தயங்குகிறதோ அங்கே நீங்களும் தயங்க வேண்டும்.

மொழியில் தமிழருக்கு ஒரு நல்ல தொடக்கம் இருக்கிறது. குறில் நெடில் பிரித்துச் சொல்லவும் இரட்டை மெய்யை அழுத்தவும் தெரிந்த நாக்குக்கு இத்தாலியன் சீக்கிரம் வரும். ஜெர்மன் அப்படி வராது, அதற்குத் தனி வகுப்பு வேண்டும்.

முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாஹித்யங்களைப் பாடினால் பாலம் கட்டியாயிற்று என்று நினைப்பதும் தவறே. ஆங்கிலேயரின் ‘காட் சேவ் தி கிங்’ மெட்டுக்கு ‘ஸந்ததம் பாஹிமாம்’ என்று அவர் அமைத்தது அழகான காரியம். கமகம் இல்லாமல் ஸ்வரத்தை நேராக நிறுத்திப் பழக அவை உதவும், அவ்வளவுதான். மேற்கத்திய இசையின் கிரேடு தேர்வுச் சான்றிதழ்களுக்கும் இதே கதைதான், உதவும், ஆனால் அவை மட்டும் போதாது.

பம்பாயில் பிறந்த பட்ரிசியா ரொஸாரியோ லண்டன் கில்ட்ஹால் பள்ளியில் மேற்கத்திய இசையை முறையாகப் பயின்று சொப்ரானோ ஆனார். ஜான் டேவனர் அவருடைய குரலுக்கென்றே 30க்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதினார். இசையமைப்பாளர் தேடி வருவது அந்த முழுப் பயிற்சிக்குப் பிறகுதான்.

இரண்டும் தெரிந்தவருக்கு வேலை இல்லாமல் இல்லை. ஹாண்டலின் டா காப்போ ஏரியாவில் முதல் பகுதி திரும்ப வரும்போது பாடகர் தம் கற்பனையைச் சேர்க்க வேண்டும். சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவது) போட்டுப் பழகியவருக்கும் அகார சாதகம் (‘ஆ’ என்ற ஒலியில் பயிற்சி) செய்தவருக்கும் அங்கே நல்ல இடம் உண்டு. பிலிப் கிளாஸின் ‘சத்யாகிரஹா’ 1980இல் அரங்கேறிய ஆப்பரா, பாடுவது முழுவதும் பகவத்கீதையின் சமஸ்கிருத வரிகள். ரவிசங்கரின் ‘சுகன்யா’ 2017இல் மேடையேறியது. இப்படிப்பட்டவற்றுக்குக் குரல்தேர்வுக்குப் போகும்போது கலவைப் பாட்டை எடுத்துச் செல்லாதீர்கள். ஒரு மோட்சார்ட் ஏரியா, ஒரு ஜெர்மன் பாட்டு, இரண்டையும் எழுதியபடி சுத்தமாகப் பாடுங்கள். தோடி ஆலாபனையின் ஒலிப்பதிவைத் தனியாகக் கொடுங்கள்.